எத்தனை தடவை கேட்கலாம், சேர்?

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான பதினாறு நாட்கள் அனுஷ்டிக்கப்படுகின்றன. அந்த நாட்களை ஒட்டி இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளுக்கும் யாராவது வந்து சேர்வார்கள். பதாகை கட்டுவார்கள். தரம் எட்டுக்கு மேற்பட்ட மாணவிகளை மண்டபத்தில் இருத்துவார்கள். தனியே போகாதே, தெரியாதவனிடம் நம்பர் கொடுக்காதே, போட்டோ அனுப்பாதே, இருட்டுமுன் வீட்டுக்குப் போ என்று ஒன்றரை மணித்தியாலம் ஓடும். முடிவில் ஆளுக்கொரு மாலு பணிஸும் நெக்டோவும். இந்த நேரத்தில் பையன்கள் எங்கே? மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருப்பார்கள். மிஞ்சிய பணிஸுக்கு மட்டும் அவர்களையும் கூப்பிடுவதுண்டு.

இது சின்ன விடயமாகத் தெரியலாம். ஆனால் பெண்பிள்ளையிடம் பயத்தையும் பையனிடம் மண்வெட்டியையும் கொடுத்து அனுப்பும் இந்த ஏற்பாட்டில்தான் எங்கள் முழுக் கோளாறும் இருக்கிறது. தொந்தரவு செய்யக்கூடியவனிடம் ஒரு வார்த்தை பேசாமல், தொந்தரவுக்கு ஆளாகக்கூடியவளிடம் மட்டும் வருடா வருடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பையன்களிடம் பேச வேண்டிய வயது எது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இலங்கை, பங்களாதேஷ், சீனா உள்ளிட்ட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிடம் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. பெண்ணொருவரைப் பலாத்காரம் செய்ததாகத் தாமே ஒப்புக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதை முதன்முதலில் செய்தது இருபது வயதுக்கு முன்னர். ஏன் செய்தீர்கள் என்று கேட்டதற்கு மிகப் பெரும்பாலானோர் சொன்ன காரணம் கோபமோ போதையோ அல்ல. அது தங்களுக்கு உரியது, அவள் விருப்பத்தைக் கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணம். சின்ன வயதில் அடியும் அவமானமும் பட்டு வளர்ந்தவர்களிடம் இந்த வன்முறை கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. முப்பது வயதில் பொலிஸ் நிலையத்தில் வைத்துச் சொல்லும் புத்திமதி பதினாறு வருடம் பிந்தி வந்த புத்திமதி.

அண்மையில் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 10, 11 பையன்களோடு மட்டும் பேசக் கிடைத்தது. பெயர் போடாமல் ஒரு கேள்வி எழுதித் தாருங்கள் என்று துண்டுத்தாள் கொடுத்தேன். மீசை சீக்கிரம் வர என்ன பூசலாம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். உயரம் பற்றியும் கேட்டிருந்தார்கள். "கூட்டாளிமாரு அனுப்புற வீடியோவப் பாக்காட்டி பொட்டன்னு சொல்றானுக, என்ன செய்ய?" என்று ஒன்று. "அப்பா அம்மாவ அடிக்கும்போது நான் நடுவுல போகலாமா?" என்று ஒன்று. அதை எழுதிய கையெழுத்து வகுப்பிலேயே மிக நேர்த்தியானது. இவற்றுக்கிடையே ஒரு தாளில் இருந்தது: "ஒரு புள்ள வேணாம்னு சொன்னா, எத்தன தடவ கேக்கலாம் சேர்?"

கேட்டவன் நக்கலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே ஒரு கணக்கு இருக்கிறது, அது தனக்குத் தெரியவில்லை என்று நினைத்திருக்கிறான். நினைக்காமல் என்ன செய்வான்? அவன் பார்த்த படங்களில் கதாநாயகி இடைவேளை வரை வேண்டாம் என்பாள், இடைவேளைக்குப் பிறகு சரி என்பாள். நடுவில் நாயகன் செய்ய வேண்டியதெல்லாம் அவள் போகும் பஸ்ஸில் ஏறுவதும், அவள் வீட்டு வாசலில் நிற்பதும், கூட்டாளிகளோடு பாடுவதும்தான். தோட்டத்தில் வீட்டு வாசலுக்குப் பதிலாகப் பீலிக்கரை. தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவும் பெண்பிள்ளை வந்தே ஆக வேண்டிய இடம் அது. மேலே பாதையில் இரண்டு பேர் உட்கார்ந்து போனில் பாட்டுப் போட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. காத்திருக்கும் இவனுக்கு அது காதல். குடத்தை வைத்துக்கொண்டு நிற்கும் அவளுக்கு அது முற்றுகை.

"ஒரு தடவை" என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. "அப்போ இங்க யாருக்குமே கலியாணம் நடக்காது சேர்" என்றது பின்வரிசை.

இப்படியான இடத்தில் பேச்சாளர்கள் வழமையாக எடுக்கும் ஆயுதம் ஒன்றுண்டு: "உன் தங்கச்சிய ஒருத்தன் இப்படிப் பின்னாலயே சுத்தினா என்ன செய்வ?" எல்லாப் பையன்களும் கொதிப்பார்கள், கால உடைப்பேன் என்பார்கள், பேச்சாளர் வெற்றியோடு உட்காருவார். எனக்கு அந்த வாதம் பிடிப்பதில்லை. அந்தக் கொதிப்பு சுற்றுகிறவனின் காலை உடைப்பதற்கு முன் தங்கச்சியின் போனைப் பறிக்கும், டியூஷனை நிறுத்தும், அவளை லயத்துக்குள் பூட்டும். யாருடைய தங்கச்சி என்று பார்த்துத்தான் மரியாதை கொடுக்க வேண்டும் என்றால், அண்ணன் இல்லாதவள் என்ன செய்வாள்? நான் பையன்களிடம் வேறொன்றைக் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இல்லாத ஒருத்தி உன்னிடம் சரி என்று சொன்னால், அந்தச் 'சரி' உனக்குப் போதுமா? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "போதாதுதான் சேர், ஆனா மனசு கேக்காதே" என்றான்.

மனசு கேட்காதபோது என்ன செய்வது என்பதைத்தான் நாங்கள் எந்தப் பையனுக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுக்கப்பட்ட அன்று பின்னேரம் அவனுக்கு இருப்பது என்ன? வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு சோகப் பாட்டு, கூட்டாளி வாங்கித் தரும் கசிப்பு, கையில் கீறிக்கொள்ள ஒரு பிளேட். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரிவரியாகத் தழும்பு வைத்திருக்கும் பையன்களைத் தோட்டங்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. கோபம் அவன் பக்கம் திரும்பாவிட்டால் அவள் பக்கம் திரும்பும்: அவள் எப்போதோ அனுப்பிய படம் நாலு பேருக்குப் போகும். கவலையாக இருக்கிறது என்று வாய்விட்டு ஒருவரிடம் சொல்லத் தெரிந்தால் இந்த இரண்டுமே பாதி குறையும். ஆனால் ஐந்து வயதிலேயே "ஆம்பளப் புள்ள அழுவலாமா?" என்று அந்த வாசலை மூடிவிட்டோம்.

சட்டமும் இவர்களுக்குத் தெரியாது. 1995ஆம் ஆண்டு திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின்படி, பதினாறு வயது நிறையாத பெண்ணோடு உறவு வைத்தால் அவள் சம்மதித்திருந்தாலும் அது வல்லுறவுதான். அதற்குப் பத்து வருடத்துக்குக் குறையாத சிறை என்று எழுதியிருக்கிறது. செய்தவன் பதினெட்டு வயதுக்குட்பட்டவனாகவும், அவள் சம்மதம் இருந்ததாகவும் தெரிந்தால் மட்டும் நீதிமன்றம் அதைவிடக் குறைக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை என்பது 345ஆம் பிரிவு. பதினைந்து வயதுப் பிள்ளையைக் 'கூட்டிக்கொண்டு போய்' ஒரு சொந்தக்காரர் வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு, பெரியவர்கள் பேசிக் கலியாணம் கட்டிவைப்பார்கள் என்று நம்பித் திரும்பி வரும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு நேரே நீதிமன்றம்தான் காத்திருக்கிறது. அவன் வாழ்க்கையும் போகிறது, அவள் படிப்பும் போகிறது. பாடசாலையில் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடத்தில் இனப்பெருக்கத் தொகுதியின் படம் இருக்கிறது. இந்தப் பத்து வருடத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்லும் ஆசிரியர் அபூர்வம்.

படம், போன் என்று வெளியே கைகாட்டுவது சுலபம். வீட்டுக்குள் அவன் கற்கும் பாடம் அதைவிட நீண்டது. கொழுந்து மலைக்கோ ரப்பர் பால் வெட்டுக்கோ போகும் அம்மா விடியுமுன் எழும்புகிறாள். அடுப்பு, பிள்ளைகள், சாப்பாடு, பிள்ளைக் காம்பராவில் சின்னதை விடுவது, பிறகு மலை. அந்தி நிறுவைக்குப் பிறகு விறகோடு திரும்பி மறுபடி அடுப்பு. அப்பாவுக்குக் கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடிப்பு. கஷ்டமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பல தோட்டங்களில் மதியத்தோடு முடிகிற வேலை. மதியத்திலிருந்து இரவு வரை அப்பாவுக்கு நேரம் இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை என்பதைப் பையன் பதினாறு வருடம் தினமும் பார்க்கிறான். யாரும் அவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சோறாக்கும் ஆண்கள் எங்கள் லயங்களில் இல்லாமல் இல்லை. மனைவி வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன குடும்பங்களில் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார்கள் என்பதுதான் சிக்கல். தேங்காய் துருவுவதைப் பக்கத்துக் காம்பராக்காரன் பார்த்துவிட்டால் 'பொண்டாட்டிதாசன்' என்ற பட்டம் லயம் முழுக்கப் போய்விடும்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு அரசாங்கமே விலை எழுதி வைத்திருந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தியத் தொழிலாளருக்கு முதன்முதலாகக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது 1984இல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. இன்றைக்குப் பத்தாம் வகுப்பில் இருக்கும் பையனின் பாட்டி அந்தச் சமமில்லாத சம்பளத்தில் வாழ்ந்தவர். சம்பளம் சமமான பிறகும் அவர் பேரில் விழுந்த பணத்தைத் தாத்தாவே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த காலமும் உண்டு. வாங்கி வரும் வழியில்தான் தவறணை.

ஆண்களின் பக்கத்தில் நின்றும் பார்க்க வேண்டும். துரைக்கு முன்னால் தலைநிமிர முடியாமல், கங்காணியின் கடனுக்குள் பிறந்து கடனுக்குள் செத்த ஆண்களின் பரம்பரை இது. 1977, 1981, 1983 என்று இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டபோது, பெண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் இரவு முழுக்க ஒளிந்திருந்த அப்பாக்கள் இப்போதும் இருக்கிறார்கள். காப்பாற்றுகிறவன்தான் ஆண் என்று சொல்லி வளர்த்துவிட்டு, காப்பாற்ற எந்த வழியும் கொடுக்காத நாடு அவர்களுக்கு வாய்த்தது. வெளியே கிடைக்காத அதிகாரத்தை ஒன்பதடிக் காம்பராவுக்குள் தேடினார்கள். எனக்கு இது புரிகிறது. அடி வாங்கியவளுக்கு இந்த விளக்கம் ஒரு மருந்தும் ஆகாது என்பதும் புரிகிறது.

தோட்டத்து ஆண் என்றால் குடிகாரன், பெண்டாட்டியை அடிப்பவன் என்ற படம் ஒன்றும் கொழும்பில் நிரந்தரமாகத் தொங்குகிறது. அதையும் கழற்ற வேண்டும். தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு அளவீட்டில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையின் கையால் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார். இது முழு நாட்டுக்குமான கணக்கு. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் செய்த ஆய்வில் பஸ்ஸிலும் ரயிலிலும் தொந்தரவுக்கு உள்ளான பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு. அந்த பஸ்களெல்லாம் தோட்டத்துக்கு வருபவை அல்ல.

இரத்தினபுரிக்கென்று இன்னொரு பள்ளிக்கூடமும் இருக்கிறது: மாணிக்கக் குழி. சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட பையன்களில் ஒரு பகுதியினர் கொழும்பு கடைகளுக்குப் போக, இன்னொரு பகுதி குழிக்குள் இறங்குகிறது. பெண்கள் கிட்ட வந்தால் தீட்டு, கல் ஓடிவிடும் என்பது அந்தத் தொழிலின் பழைய நம்பிக்கை. பதினேழு வயதில் ஆண்களோடு மட்டும், ஆண்களின் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு, பெண் என்றாலே அபசகுனம் என்று நம்பும் இடத்தில் வேலை பழகுகிறவன், அங்கிருந்து நேரே கலியாணத்துக்குள் போகிறான்.

பாடசாலையும் தன் பங்குக்கு ஒன்றைக் கற்றுக் கொடுக்கிறது. கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை மாணவரை அடிக்கக் கூடாது என்கிறது. ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் 'ரெண்டு போட்டாத்தான் திருந்துவான்' என்ற நம்பிக்கை ஆசிரியர் அறையிலும் இருக்கிறது, பெற்றோரிடமும் இருக்கிறது. நேசிப்பவர்கள் அடிக்கலாம், பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்று பிரம்பால் கற்றவன், அதைப் பிறகு தன் வீட்டில் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறான்.

இதற்கெல்லாம் மேல்நாட்டிலிருந்து மருந்து வர வேண்டும் என்றில்லை. மலையகத் தோட்டங்களில் இன்னும் ஆடப்படும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். மாசி மாதத்தில் காமன் ஊன்றி, விரதமிருந்து, காமனுக்கும் ரதிக்கும் கலியாணம் செய்துவைத்து, சிவன் காமனை எரித்த பிறகு ரதி புலம்பும் இரவு. அந்த ரதி ஓர் ஆண். பகலில் கான் வெட்டிய கை அன்றிரவு வளையல் போட்டிருக்கும். சேலை கட்டி, தலைவிரித்து, அவர் அழுகிறார். தோட்டமே சேர்ந்து அழுகிறது. யாரும் அவரைப் பொட்டை என்று சொல்வதில்லை. மறுநாள் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும் கிழவிகள் உண்டு. ஆண் அழலாம், ஒரு பெண்ணின் துக்கத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளலாம், அதனால் அவன் மரியாதை கூடத்தான் செய்யும் என்பதை வருடத்தில் ஓர் இரவு இந்தச் சமூகம் ஒப்புக்கொள்கிறது. ரதி கட்டியவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, அந்த வேஷத்தில் என்ன உணர்ந்தீர்கள் என்று பையன்களிடம் பேசச் சொன்னால், எந்த வளவாளரின் பவர்பொயின்ட்டும் அதற்கு ஈடாகாது.

வெளியே செய்து பார்த்தவற்றிலும் எங்களுக்குப் பொருந்துவன இருக்கின்றன. இந்தியாவின் ஹரியானாவில், பெண்பிள்ளை பிறப்பதையே விரும்பாத மாநிலமென்று பெயர் வாங்கிய இடத்தில், 'பிரேக்த்ரூ' அமைப்பு அரசாங்கப் பாடசாலைகளில் ஒரு திட்டத்தை நடத்தியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிடம், இரண்டரை வருடம். ஆண், பெண் இரு பாலாரும் ஒரே வகுப்பில். வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், ஏன், என்று பேச்சு. 314 பாடசாலைகளை எடுத்து, திட்டம் நடந்தவற்றையும் நடக்காதவற்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. பிற்போக்கான கருத்துகளில் ஆறில் ஒரு பங்கு மாறியிருந்தது. திட்டம் நின்று இரண்டு வருடம் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் நின்றிருந்தது. பையன்கள் வீட்டு வேலையில் கூடுதலாகக் கை கொடுப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் வாயால் சொன்னதுதான், அம்மாக்களிடம் கேட்டால் கணக்குக் கொஞ்சம் குறையலாம். எப்படியானாலும் ஒருநாள் கருத்தரங்கால் ஆகாத காரியம் இது. மும்பையில் 'பரிவர்த்தன்' என்ற திட்டத்தில் பாடசாலைக் கிரிக்கெட் பயிற்றுநர்களைப் பிடித்தார்கள். பயிற்சியோடு பயிற்சியாக, பெண்களை மதிப்பது பற்றி ஒரு சின்னப் பேச்சு. மிஸ் சொன்னால் காதில் ஏறாதது கோச் சொன்னால் ஏறுகிறது.

எங்கள் தோட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டுக் கழகம் இருக்கிறது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொப்ட்போல் சுற்றுப்போட்டி நடக்கிறது. கழகத்துக் கப்டன் சொல்வதுதான் பதினைந்து வயதுப் பையனுக்கு வேதம். அந்தக் கப்டன்களில் பத்துப் பேரைத் தேர்ந்து ஒழுங்காகப் பயிற்றினாலே பலாங்கொடையிலிருந்து காவத்தை வரை பேச்சு மாறும். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அவர்களைப் பெண்பிள்ளைகளின் மண்டபத்தோடு நிறுத்தாமல் மைதானத்துக்கும் அழையுங்கள். தமிழ் பேசுபவராகக் கேட்டு வாங்குங்கள். இந்த மாவட்டத்தில் அது தானாகக் கிடைக்காது.

எதிர்ப்பு வரும். சில வருடங்களுக்கு முன் தரம் ஏழு மாணவருக்காகக் கல்வி அமைச்சு அச்சிட்ட 'ஹதே அபே பொத' என்ற பாலியல் கல்வித் துணைநூல், கலாசாரத்தைக் கெடுக்கிறது என்ற கூச்சலில் முடங்கிப்போனது. சிங்களப் பாடசாலைக்கே அந்தக் கதி. இதெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சொல்லும் பெற்றோருக்கு ஒன்று: உங்கள் பிள்ளையின் கையில் போன் வந்த நாளே இந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. பேசுகிறவர் நீங்களா, டிக்டொக்கில் கத்தும் யாரோ ஒருவரா என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும் கேள்வி. பிரித்தானியாவில் 2025இல் நெட்பிளிக்ஸில் வந்த 'அடொலசன்ஸ்' தொடர், வகுப்புத் தோழியைக் கொன்ற பதின்மூன்று வயதுப் பையனின் கதை. அவன் குடும்பம் குடிகாரக் குடும்பமல்ல. பையன் வீட்டு அறைக்குள்தானே இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்த சாதாரண அப்பா, அம்மா. அந்நாட்டில் அதை மேல்நிலைப் பாடசாலைகளில் இலவசமாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள்.

அப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். மேடையேறிப் பேச வேண்டாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருநாள் தேங்காய் துருவுங்கள், பையனைப் பக்கத்தில் இருத்தி வெங்காயம் உரிக்கக் கொடுங்கள். பட்டப்பெயர் ஒரு மாதம் வரும், பிறகு சொன்னவர்களுக்கே அலுத்துவிடும்.

அதிபர்களுக்குக் கடைசியாக ஒன்று. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை மாணவிகளுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம். அது பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாருக்குமானது. அம்மாவை அப்பா அடிக்கும்போது நடுவில் போகலாமா என்று தாளில் எழுதிக் கேட்கும் பையனும் அதற்கு அழைக்கலாம். அம்மா அழைக்க வேண்டியது மகளிர் உதவி இலக்கமான 1938. இரண்டையும் ஆண்கள் பக்கத்துச் சுவரிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.